கரண்ட் போய் வரும் மலையில் எந்த பூட் மெனு?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனம் வராதவர்கள், பில்லிங் சாஃப்ட்வேருக்காக விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, இன்டர்நெட் வேலைக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று ஏதாவது ஓர் இலவச லினக்ஸ் சிஸ்டத்தைப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஜெராக்ஸ் கடை, தேயிலை பேக்டரி ஆபீஸ், ஹோம்ஸ்டே வரவேற்பு மேசை என்று எங்கும் இதே கதைதான். போட்டு முடித்ததும் கேள்வி வருகிறது. ஸ்விட்சைத் தட்டினால் எது முதலில் வர வேண்டும்? எத்தனை நொடி காத்திருக்க வேண்டும்? ஆன் செய்ததும் 'எந்த சிஸ்டம் வேண்டும்' என்று கேட்கும் பூட் மெனுவை எதன் பொறுப்பில் விடுவது?

சமவெளியில் இருப்பவர்கள் அழகையும் வசதியையும் பார்த்து முடிவு செய்துவிடலாம். நீலகிரியில் அது போதாது. ஜூன் தொடங்கினால் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குக் காற்று. அக்டோபர் பிறந்தால் குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை. கற்பூர மரமோ சில்வர் ஓக் கிளையோ லைன் மேல் உரசும்போது கரண்ட் ஒரேயடியாகப் போவதில்லை. போகும், அரை நிமிடத்தில் வரும், மறுபடி போகும். கம்ப்யூட்டர் பாதி பூட் ஆன நிலையில் மாட்டிக்கொள்வது அந்த அரை நிமிடத்தில்தான். ரிப்பேருக்கு மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கி ஏறினால் ஒரு நாள் போய்விடும். அதனால் இங்கே முதல் அளவுகோல் இதுதான்: பாதி பூட்டில் கரண்ட் போய்த் திரும்பினால், கீபோர்டுக்கு முன்னால் ஆள் இல்லாமலே அந்த மெனு சரியான இடத்துக்குப் போய்ச் சேருமா? அழகு இரண்டாவதுதான்.

எதைத் தொடும் முன்பும் கம்ப்யூட்டர் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகிறதா, பழைய பயாஸ் முறையிலா என்று பாருங்கள். ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருள்தான் இவை; எதுவானாலும் அதன் அமைப்புத் திரையை இங்கே பயாஸ் என்றே சொல்கிறோம். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்தால் 'பயாஸ் மோட்' என்ற வரியில் யூஇஎஃப்ஐ அல்லது லெகசி என்று இருக்கும். லெகசி என்றால் கீழே சொல்லும் பூட் மெனு மென்பொருள்களில் ரெஃபைண்டும் சிஸ்டம்டி-பூட்டும் உங்களுக்கு இல்லை. க்ரப் ஒன்றுதான் வழி. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே உச்சரிப்புப்படி எழுதுகிறோம். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

மெனுவே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு

பலரும் எண்ணிப் பார்க்காத வழி இது. பயாஸின் பூட் வரிசையில் தினமும் வேண்டியதை முதலில் வைத்துவிட்டு, மற்றது தேவைப்படும் அன்று மட்டும் ஆன் செய்த கையோடு பூட் கீயைத் தட்டுவது. டெல், லெனோவோ, ஏசர் ஆகியவற்றில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப், அதன் மதர்போர்டு போட்ட டெஸ்க்டாப்பில் எஃப்8, கிகாபைட்டில் எஃப்12, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் எஃப்11. ஏசர் லேப்டாப் பலவற்றில் எஃப்12 மெனு அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். எஃப்2 தட்டி உள்ளே போய் அதை முதலில் இயக்க வேண்டும்.

இந்த வழியில் எந்தக் கோப்பும் மாறுவதில்லை, அதனால் கெட்டுப்போகவும் ஒன்றும் இல்லை. பச்சை இலை எடை போட்டு ரசீது அடிக்கும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மாதம் ஒருமுறைதான் திறக்கப்படும் என்றால், அங்கே மெனு வைப்பதே வீண். விண்டோஸை முதலில் வையுங்கள், எஃப்12-ஐ ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டர் ஓரம் ஒட்டுங்கள், முடிந்தது.

இதில் வரும் சிக்கல் ஒன்றுதான். பயாஸில் ஃபாஸ்ட் பூட் இயங்கினால் கீபோர்டு விழிக்கும் முன்பே நேரம் கடந்துவிடும். எத்தனை தட்டினாலும் மெனு வராது. அப்போது விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதைத் தொட்டால் லினக்ஸின் பெயர் அங்கே இருக்கும். லினக்ஸிலிருந்து திரும்ப ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையை ஹைஃபனும் 'என்' (n) எழுத்தும் சேர்த்து, விண்டோஸ் பதிவின் நான்கிலக்க எண்ணோடு கொடுக்கலாம். அந்த ஒரு முறைக்கு மட்டும் வரிசை மாறும். அடுத்த முறை பழையபடியே வரும். ப்ளூடூத் கீபோர்டு பூட் மெனுவில் பெரும்பாலும் வேலை செய்யாது. வயர் கீபோர்டு ஒன்று மேசையில் இருக்கட்டும்.

க்ரப்: பலம் அதிகம், பாடமும் அதிகம்

உபுண்டு, மின்ட், டெபியன் போட்டால் கூடவே வருவது க்ரப். பயாஸிலும் யூஇஎஃப்ஐயிலும் ஓடும், செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்தில்லாத பூட் மென்பொருளைத் தடுக்கும் பூட்டு) அணைக்காமலே ஓடும். அமைப்புகள் ஈடிசி கோப்புறைக்குள் டீஃபால்ட் என்ற கோப்புறையில், க்ரப் என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன. அதை மாற்றிச் சேமித்துவிட்டு 'சூடோ அப்டேட்-க்ரப்' கொடுத்தால்தான் மாற்றம் ஏறும். கோப்பை மட்டும் மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்து 'ஒன்றும் ஆகவில்லையே' என்று நிற்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு.

க்ரப்_டைம்அவுட் என்ற வரி காத்திருக்கும் நொடி. 0 என்றால் காத்திராமல் உடனே பூட் ஆகும். கழித்தல் 1 என்றால் யாராவது என்டர் தட்டும்வரை நிற்கும். 5 நல்ல அளவு. ஆனால் பழைய மானிட்டர் விழித்துப் படம் காட்டவே மூன்று நான்கு நொடி எடுக்கும் இடத்தில் 8 அல்லது 10 வையுங்கள். இல்லாவிட்டால் மெனு வந்து போனதே தெரியாது.

க்ரப்_டீஃபால்ட் என்ற வரி எது முதலில் என்பதைச் சொல்கிறது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்: உபுண்டு 0, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' 1, விண்டோஸ் 2 என்று பெரும்பாலும் வரும். இந்த எண்ணை நம்ப வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. நடுவில் மெமரி டெஸ்ட் வரியொன்று சேர்ந்தால் விண்டோஸ் 3 ஆகிவிடும். ஒருநாள் காலையில் பில் போட வந்தவர் எதிரில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். பூட் கோப்புறைக்குள் க்ரப் என்ற கோப்புறையில் உள்ள க்ரப் டாட் சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து, விண்டோஸ் வரியில் 'ஓஎஸ்புரோபர்-ஈஎஃப்ஐ' என்று தொடங்கும் அடையாளத்தைப் பாருங்கள். அதை முழுதாகப் பிரதி எடுத்து டீஃபால்ட் வரியில் மேற்கோள் குறிக்குள் போட்டால், வரிசை எப்படி மாறினாலும் விண்டோஸ்தான் வரும்.

மெனுவில் விண்டோஸே காணவில்லையா? 2021-இல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைந்தே வருகிறது. க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர் என்ற வரியை ஃபால்ஸ் என்று வைத்து, வரி முன்னால் இருக்கும் ஹேஷ் குறியை நீக்கி, அப்டேட்-க்ரப் கொடுங்கள்.

இனி மலைக்கு முக்கியமான இடம். உபுண்டுவும் மின்ட்டும் தரும் க்ரப்பில் 'ரெக்கார்ட்ஃபெயில்' என்ற குறிப்பு ஒன்று உண்டு. லினக்ஸ் பூட் தொடங்கும்போது 'தோல்வி' என்று முன்கூட்டியே எழுதிவைத்து, முழுதாக ஏறியதும் அழித்துவிடும். நடுவில் கரண்ட் போனால் அது அழியாமல் நிற்கும். அடுத்த முறை நீங்கள் வைத்த 5 நொடியை ஒதுக்கிவிட்டு மெனு 30 நொடி காத்திருக்கும். மிகப் பழைய பதிப்புகளில் என்டர் தட்டும்வரை நின்றேவிடும். 30 நொடி பெரிதில்லை என்று தோன்றும். கரண்ட் நிமிடத்துக்கொருமுறை துள்ளும் மழைநாளில் அந்த 30 நொடிக்குள்ளேயே அடுத்த வெட்டு வந்துவிடுகிறது. க்ரப் கோப்பில் க்ரப்_ரெக்கார்ட்ஃபெயில்_டைம்அவுட் என்று ஒரு வரி புதிதாகச் சேர்த்து 5 என்று வைத்தால் தீர்ந்தது. இந்த வரி கோப்பில் முதலிலேயே இருக்காது. நாம்தான் எழுத வேண்டும்.

'கடைசியாகத் திறந்ததையே மறுபடி திற' என்ற வசதியும் க்ரப்பில் உண்டு: டீஃபால்ட் வரியில் சேவ்டு, கூடவே க்ரப்_சேவ்டீஃபால்ட் வரியில் ட்ரூ. ஒருவரே பயன்படுத்தும் லேப்டாப்பில் இது அருமை. பொது மேசையில் வைக்கக் கூடாது. நேற்று யாரோ லினக்ஸ் திறந்திருந்தால் இன்று விடிகாலை கரண்ட் வந்ததும் லினக்ஸ்தான் ஏறும். லினக்ஸ் எல்விஎம், பிடிஆர்எஃப்எஸ் என்ற டிஸ்க் அமைப்புகளில் இருந்தால் இந்த நினைவு வேலையே செய்யாது. அந்த அமைப்புகளில் க்ரப்பால் படிக்க முடியும், எழுத முடியாது.

இதையெல்லாம் எழுத்தில் செய்யத் தயங்குபவர்கள் க்ரப் கஸ்டமைசரைத் தேடுவார்கள். படம் மாற்ற, பெயர் மாற்ற, வரிசையை மேலே கீழே நகர்த்த வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அது ஈடிசிக்குள் க்ரப்.டி கோப்புறையில் உள்ள மூல ஸ்கிரிப்டுகளை நகர்த்திவைத்துத் தன் இடைத்தரகு ஸ்கிரிப்டுகளை நுழைக்கிறது. பின்னால் க்ரப் அப்டேட் வரும்போது இரண்டும் ஒத்துப்போகாமல் மெனுவில் ஒரே பெயர் இரண்டு முறை வருவதும், சில பெயர்கள் காணாமல் போவதும் நடக்கும். நாலு வரி மாற்ற அதை நாட வேண்டாம் என்போம். கட்டாயம் வேண்டுமென்றால் க்ரப்.டி கோப்புறையை முதலில் பிரதி எடுத்து வையுங்கள்.

க்ரப் முழுதாகக் குழம்பி, கறுப்புத் திரையில் 'க்ரப்' என்ற சொல்லும் ஒரு அம்புக்குறியும் மட்டும் நின்றால் பதற வேண்டாம். எக்ஸிட் என்று அடித்து என்டர் தட்டுங்கள். யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டரில் அது பூட் வரிசையின் அடுத்த பதிவுக்குப் போகும். பெரும்பாலும் அது விண்டோஸ். அன்றைய வேலை நிற்காது.

ரெஃபைண்ட், சிஸ்டம்டி-பூட்

ராட் ஸ்மித் உருவாக்கிய ரெஃபைண்ட், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிஸ்க்கைத் தானே தேடிப் பார்த்து, கிடைத்த சிஸ்டங்களைப் பெரிய படங்களாக வரிசையில் காட்டும். லினக்ஸின் மையக் கோப்பான கர்னல் மாறினாலும் அப்டேட்-க்ரப் போல ஒன்றை ஓட்டத் தேவையில்லை. ரெக்கார்ட்ஃபெயில் மாதிரி எதுவும் அதில் கிடையாது. நேற்று பாதியில் நின்றதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது, இன்றும் அதே நொடிதான் காத்திருக்கும். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் உட்காரும் பொது மேசைக்கு ஜன்னல் படம், பென்குயின் படம் என்று காட்டும் இது க்ரப்பைவிட நல்லது.

அமைப்புக் கோப்பு ரெஃபைண்ட் டாட் கான்ஃப். டைம்அவுட் இயல்பில் 20 நொடி. ஒரு பொறி இருக்கிறது: க்ரப்பில் 0 என்றால் உடனே பூட், கழித்தல் 1 என்றால் நிற்கும், ரெஃபைண்டில் நேர்மாறு. இங்கே 0 வைத்தால் என்றென்றும் காத்திருக்கும், கழித்தல் 1 வைத்தால் உடனே போகும். க்ரப் பழக்கத்தில் 0 வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் வரும்வரை அது படத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். டீஃபால்ட்_செலக்‌ஷன் வரியில் மைக்ரோசாஃப்ட் என்ற சொல்லைப் போட்டால் விண்டோஸ் முதலாகும். கூட்டல் குறி போட்டால் கடைசியாகத் திறந்தது வரும். தேவையில்லாத படங்கள் நிறைய வந்தால், அதன் மேல் நின்று டெலீட் கீயைத் தட்டினால் மறையும்.

இதன் பலவீனம் செக்யூர் பூட். அதை அணைக்காமல் ரெஃபைண்டை ஓட்ட, ஷிம் என்ற, செக்யூர் பூட் ஏற்கும் சிறு இடைநிலை மென்பொருள் வழியாகச் சாவி பதிய வேண்டும். முதல்முறை செய்பவருக்கு அது எளிதல்ல. அணைத்தால் போயிற்று என்று அணைப்பவர்கள், டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை மறந்துவிடுகிறார்கள். டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டியிருந்தால், செக்யூர் பூட்டையோ பூட் வரிசையையோ மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கக்கூடும். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எடுக்க இன்னொரு போனும் சிக்னலும் வேண்டும். மஞ்சூர் பள்ளத்தில் மழை நேரத்தில் சிக்னலை நம்பி இதைத் தொடங்காதீர்கள். கீயைத் தாளில் எழுதிக்கொண்டு, விண்டோஸில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்த பிறகே பயாஸுக்குள் போங்கள்.

நிறுவாவிட்டாலும் ரெஃபைண்டின் பென்டிரைவ் பதிப்பை ஒரு சின்ன பென்டிரைவில் போட்டு மேசை டிராயரில் வைத்திருப்பது நல்லது. உள்ளே இருக்கும் பூட் பதிவுகள் அழிந்தாலும், அதிலிருந்து துவக்கினால் டிஸ்க்கில் உள்ள விண்டோஸையும் லினக்ஸையும் அது கண்டுபிடித்துத் திறந்துவிடும்.

சிஸ்டம்டி-பூட்டை பாப் ஓஎஸ் போடுபவர்கள் சந்திப்பார்கள். எளிமையானது, வேகமானது, மெனுவில் ஒரு பெயரின் மேல் நின்று 'டி' (d) கீயைத் தட்டினால் அதுவே டீஃபால்ட் ஆகிவிடும். ஆனால் கர்னல் கோப்புகளை யூஇஎஃப்ஐ பார்டிஷனிலேயே வைக்கும் வழக்கம் இதற்கு. அந்த பார்டிஷன் ஃபேட்32, அதற்கு ஜர்னல் (எழுதுவது பாதியில் நின்றால் சரிசெய்ய உதவும் குறிப்பேடு) கிடையாது. கர்னல் அப்டேட் எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் அரைகுறைக் கோப்பு மிஞ்சும். க்ரப்பின் கர்னல் கோப்புகள் வழக்கமாக ஜர்னல் உள்ள ஈஎக்ஸ்டி4-இல் இருப்பதால் அந்த அபாயம் குறைவு. விண்டோஸ் பழைய கம்ப்யூட்டர்களில் ஒதுக்கியிருக்கும் யூஇஎஃப்ஐ பார்டிஷன் பெரும்பாலும் 100 எம்பிதான். இரண்டு கர்னலுக்கே திணறும். யூபிஎஸ் இல்லாத மேசையில் இது வேண்டாம்.

விண்டோஸின் சொந்த மெனு

விண்டோஸ் 10, 11 இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கு இது போதும். யூஇஎஃப்ஐயில் லினக்ஸை இதனால் திறக்க முடியாது, அதற்காக இதில் நேரம் செலவழிக்க வேண்டாம். எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பக்கத்தில் டைம்அவுட்டை மாற்றலாம்; இயல்பில் 30, குறைந்தது 3. நீல நிறப் பட மெனு பாதி விண்டோஸ் ஏறிய பிறகே வருவதால், மற்றதைத் தேர்ந்தால் கம்ப்யூட்டர் மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். அட்மின் உரிமையில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பிசிடிஎடிட் ஸ்லாஷ் செட் என்பதோடு நெளிவு அடைப்புக்குள் டீஃபால்ட், பிறகு பூட்மெனுபாலிசி லெகசி என்று கொடுத்தால் பழைய கறுப்பு எழுத்து மெனு வரும். அந்த இரட்டை வேலை மிச்சம். இதையே பவர்ஷெல்லில் அடித்தால் பிழை காட்டும். அங்கே நெளிவு அடைப்பை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.

க்ரப்போ ரெஃபைண்டோ எது வைத்தாலும், விண்டோஸ் டீஃபால்ட்டாக இருந்து கம்ப்யூட்டர் ஆளில்லாமல் எழ வேண்டுமென்றால் இன்னொன்றையும் செய்தே ஆக வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை பூட் பாதியில் அறுந்தால் விண்டோஸ் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரைக்குப் போய் ஆள் வந்து தேர்வு செய்யும்வரை நிற்கும். பூட் மெனு ஒழுங்காக வேலை செய்தும் காலையில் கம்ப்யூட்டர் நீலத் திரையில் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதே பிசிடிஎடிட் செட் வரியில் பூட்ஸ்டேட்டஸ்பாலிசி என்பதை இக்னோர்ஆல்ஃபெயிலியர்ஸ் என்றும், இன்னொரு வரியில் ரெகவரிஎனேபிள்டு என்பதை நோ என்றும் வைத்தால் நேராக லாகின் வரை போகும். விலை என்னவென்றால், உண்மையிலேயே கோப்பு கெட்டாலும் விண்டோஸ் தானாகச் சரிபார்க்காது. ஆளில்லாமல் எழ வேண்டிய கம்ப்யூட்டருக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். வீட்டு லேப்டாப்புக்குத் தேவையில்லை, அதற்குத்தான் சொந்த பேட்டரி இருக்கிறதே.

மெனு மேல் பழி விழும் மற்ற காரணங்கள்

இடிக்குப் பயந்து இரவில் பிளக்கையே பிடுங்கிவைக்கும் வழக்கம் இங்கே உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் பிளக்கில் கரண்ட் இல்லாத நேரமெல்லாம் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரிதான் கடிகாரத்தை ஓட்டுகிறது. அது 3 வோல்ட் பேட்டரி. தீர்ந்ததும் பயாஸ் ஆரம்ப நிலைக்குப் போகக்கூடும். பூட் வரிசை மாறலாம். டிஸ்க் முறை ஏஎச்சிஐ-யிலிருந்து ஆர்எஸ்டி-க்கு மாறினால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நிற்கும். தேதி பின்னால் போவதால் அரசு இணையதளங்களும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். க்ரப்பைக் குடையும் முன் திரையில் தேதியைப் பாருங்கள். தவறாக இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

தேதி சரி, மணி மட்டும் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கிறது என்றால் பேட்டரி குற்றமல்ல. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரமாகப் படிக்கிறது, விண்டோஸ் நம் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதி உறங்கிக்கொண்டிருக்கும், லினக்ஸால் அந்த டிஸ்க்கில் எழுத முடியாது. பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் பூட் வரிசையில் விண்டோஸ் முதலில் போய் உட்கார்ந்திருந்தால், பயாஸில் மறுபடி மாற்றினால் போதும். 2024 ஆகஸ்ட் அப்டேட் ஒன்று பழைய ஷிம்களைத் தடுத்து, 'எஸ்பிஏடி' என்ற பிழையோடு லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. அந்த எழுத்துகளைத் திரையில் கண்டால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸை அப்டேட் செய்துவிட்டு மறுபடி இயக்குங்கள்.

முடிவு செய்யும்போது

எடை மேசை, பில் மேசை என்று விண்டோஸே பிரதானமான இடத்தில்: மெனு இல்லை, விண்டோஸ் முதலில், பிசிடிஎடிட் இரண்டு வரி, எஃப் கீ தாளில். பலர் வந்து உட்காரும் பொது மேசை யூஇஎஃப்ஐ ஆக இருந்து, பிட்லாக்கர் இல்லை என்றால் ரெஃபைண்ட், டைம்அவுட் 10. லினக்ஸ்தான் முக்கியம் என்பவர்களுக்கும், பழைய பயாஸ் கம்ப்யூட்டர்களுக்கும் க்ரப். ரெக்கார்ட்ஃபெயில் வரியை மறக்காமல்.

டெஸ்க்டாப் என்றால் பயாஸில் 'ஏசி பவர் லாஸ்' என்பது போன்ற பெயரில் ஒரு வரி இருக்கும். அதில் 'பவர் ஆன்' வைத்தால் கரண்ட் வந்ததும் தானாக எழும். யூபிஎஸ் இல்லாமல் இதை வைக்காதீர்கள்; கரண்ட் துள்ளும் ஒவ்வொரு முறையும் எழுந்து பாதியில் விழும். ஒரு டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யூபிஎஸ் அந்தத் துள்ளலைத் தாங்கிக்கொள்ளும்.

எல்லாம் வைத்து முடித்ததும் மழைக்காலம் வரும்வரை காத்திராமல் சோதித்துவிடுங்கள். கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, ஷட்டவுன் செய்து, சுவர் ஸ்விட்சை (யூபிஎஸ் இருந்தால் அதன் ஸ்விட்சையும்) அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்; தானாக எழுகிறதா? அடுத்து, மெனு தெரியும் நேரத்தில் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கடைசியாக, லினக்ஸ் அல்லது விண்டோஸ் சின்னம் சுழலும்போது தொடர்ந்து இரண்டு முறை. மூன்றாவது முறை கீபோர்டைத் தொடாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்து நில்லுங்கள். லாகின் திரை வரும்வரை எத்தனை நொடி என்பதை, எஃப் கீ எழுதிய அதே தாளில் குறித்து வையுங்கள். பின்னொரு நாள் அதைவிட அதிகம் எடுத்தால் எங்கே நிற்கிறது என்று தேட அதுதான் தொடக்கம்.